எல்லியைத் தூக்கி வந்த ஜோல் செய்தது சரியா? ('தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முடிவு முழுவதும் பேசப்படுகிறது)

மூன்றாம்நிரை எழுதியது:

கடந்த சனிக்கிழமை இரவு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு நண்பர் வீட்டு முன்கூடத்தில் தொடங்கிய வாக்குவாதம், பக்கத்து வீட்டு அக்கா சன்னலைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு முற்றிப்போனது. மீதியை இங்கே எழுத்தில் வைத்துக்கொள்வது என்று அன்றே ஒப்புக்கொண்டோம். விளையாடி முடிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சி வரை அனைத்தையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

அறியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். நாட்டி டாக் நிறுவனம் 2013 ஜூன் மாதத்தில் பிளேஸ்டேஷன் 3 கருவிக்காக வெளியிட்ட விளையாட்டு இது. எறும்பின் உடலுக்குள் புகுந்து அதை ஆட்டிவைக்கும் கார்டிசெப்ஸ் வகைப் பூஞ்சை மனிதரைப் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதே கற்பனை. நோய் வெடித்த இரவில் மகள் சாராவை ஒரு படைவீரனின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த ஜோல், இருபது ஆண்டுகள் கழித்து, கடிபட்டும் நோய் பற்றாத பதினான்கு வயது எல்லியை அமெரிக்காவின் குறுக்கே அழைத்துச் செல்கிறார். சால்ட் லேக் சிட்டி மருத்துவமனையில் ஃபயர்ஃபிளை என்னும் கிளர்ச்சிக் குழுவினர் காத்திருக்கிறார்கள். (மின்மினி என்றால் நமக்குக் கோல சிலாங்கூர் படகுச் சவாரிதான் நினைவுக்கு வரும், இவர்கள் துப்பாக்கி ஏந்திய மின்மினிகள்.) எல்லியின் மூளையில் வளர்ந்திருக்கும் பூஞ்சையை எடுத்தால் தடுப்பூசி செய்யலாம், ஆனால் எடுத்தால் அவள் பிழைக்கமாட்டாள் என்று தெரிந்ததும், ஜோல் வழியில் நின்றவர்களையெல்லாம் கொன்றுவிட்டு, மயக்கத்தில் இருக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார். பிறகு, உன்னைப் போல் பலர் இருந்தார்கள், மருந்து தேடுவதையே அவர்கள் விட்டுவிட்டார்கள் என்று அவளிடம் பொய் சொல்கிறார்.

என் கட்சி இதுதான்: ஜோல் செய்தது தவறு. மகளை இழந்தவர், பத்து மாதங்களாகக் கூடவே நடந்த பெண்ணின் மீது பாசம் வைத்தவர் என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. விளையாடும்போது நானும் அவரோடு சேர்ந்துதான் ஓடினேன். ஆனால் ஃபயர்ஃபிளைத் தலைவி மார்லீன் நிலைமையை விளக்கியதும் அவர் வாயிலிருந்து வந்த பதிலைக் கவனியுங்கள். வேறு யாரையாவது பாருங்கள் என்கிறார். அவளை விட்டுவிடுங்கள் என்றுகூட இல்லை, வேறு ஒருத்தி.

இந்தச் சொல் என் குடும்பத்தில் பழைய சொல். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, தோட்டத்தில் யார் யார் போக வேண்டும் என்ற பட்டியலை எழுதிய கிராணி (தோட்டத்து எழுத்தர்), தன் தம்பியின் பெயரை எடுத்துவிட்டு என் தாத்தாவின் அண்ணன் பெயரை எழுதியதாக எங்கள் பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். 415 கிலோமீட்டர் தண்டவாளத்தில் எந்தக் கிலோமீட்டரில் அவர் விழுந்தார் என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது. தன் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றிய அந்தக் கிராணியும் அவருடைய வீட்டாருக்கு ஜோல்தான்.


ஒட்டுக்கன்று எழுதியது:

அண்ணே, பாட்டி சொன்ன கதையை நான் மதிக்கிறேன். ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். பட்டியல் எழுதியது ஜோல் அல்லர், மருத்துவமனையில் இருந்தவர்கள். இன்னார் சாக வேண்டும் என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்து, அந்த ஆளுக்குத் தகவல்கூடச் சொல்லாமல் லாரியில் ஏற்றியவர்கள் அவர்கள்தாம். ஜோல், லாரியை மறித்து ஒருவரை இறக்கிக்கொண்டு போன ஆள்.

நான் பதினோரு ஆண்டுகளாகத் தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்பவன் என்பதால், இந்தக் கதையில் என் கண்ணில் முதலில் பட்டது பாசமும் தியாகமும் அல்ல, வேலை தெரியாத்தனம். ஒரு நோய் ஊரையே அழிக்கிறது. அந்த நோய் பற்றாத ஒரே ஒரு மரம் கிடைத்திருக்கிறது. நாற்றுமேடையில் நேற்றுச் சேர்ந்த பையன்கூட என்ன செய்வான்? அந்த மரத்திலிருந்து மொட்டு எடுத்து வேறு கன்றில் ஒட்டுக்கட்டுவான். பட்டையோடு சேர்த்து ஒரு விரல் நீளத்துக்கு மொட்டுப் பகுதியைச் சீவி, வேர்க்கன்றின் பட்டையில் திறந்த சன்னலுக்குள் செருகி, நெகிழித் துண்டால் சுற்றிக் கட்டி, மூன்று வாரம் பொறுத்துப் பிரித்துப் பார்ப்பான். பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் அடுத்த மொட்டு. தாய் மரம் அப்படியே நிற்கும். தாய் மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு ஒரே ஒரு மொட்டை வைத்துக்கொண்டு ஒட்டிப் பார்ப்பேன் என்று எவனாவது சொன்னால் மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிடமாட்டார்கள்.

நம் பக்கத்து ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1876-இல் பிரேசிலிலிருந்து விக்கம் என்னும் ஆங்கிலேயர் கொண்டுபோன எழுபதாயிரம் ரப்பர் விதைகளில் முளைத்துத் தேறி, 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றில் ஒன்பது கோல கங்சாரில் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்னும் வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நாமெல்லாரும் போய்ப் பார்த்ததுதான். அந்த 22 கன்றுகளில் ஒன்றை, உள்ளே பால் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வெட்டிப் பிளந்திருந்தால்? 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, கண்ட இடத்தில் கொத்தி மரத்தைச் சாகடிக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் அதே மரத்தில் திரும்பத் திரும்பப் பால் எடுக்கலாம் என்று செய்துகாட்டியதால்தான் நம் பாட்டன்மார்களுக்கு இந்த நாட்டில் வேலையே வந்தது. என் அம்மா முப்பது ஆண்டுகள் மரம் சீவியவர். உளி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டுவிட்டால் அது காயம். காயத்துக்குக் கங்காணி ஏசுவார், கூலியிலும் கை வைப்பார்கள். ஃபயர்ஃபிளைக்காரர்கள் முதல் நாள், முதல் கோட்டிலேயே மரத்தின் நெஞ்சுவரை உளியை இறக்கப் பார்த்தவர்கள்.

கவனியுங்கள்: சுரங்கப்பாதை வெள்ளத்தில் மூழ்கி, மூச்சு நின்ற நிலையில் எல்லி கொண்டுவரப்படுகிறாள். ஜோல் கண் விழிப்பதற்குள் அவளை அறுவைக்கு ஆயத்தம் செய்துவிட்டார்கள். ஒரு வாரம் இல்லை, ஒரு மாதம் இல்லை. பூஞ்சை நோய்க்கு மனிதருக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி, எல்லா ஆய்வுக்கூடங்களும் மின்சாரமும் குளிர்பதனப் பெட்டியும் இருக்கும் நம் உலகத்திலேயே இதுவரை ஒன்றுகூட இல்லை. உடைந்த சன்னலும் பாசி படிந்த சுவருமாக இருக்கும் அந்தக் கட்டடத்தில் இவர்கள் அதை ஒரே பிற்பகலில் செய்துவிடுவார்களாம்.


மூன்றாம்நிரை எழுதியது:

ஒட்டுக்கட்டும் பாடம் அருமை. தம்பியின் தொழில் அறிவில் எனக்கு ஐயம் கிடையாது. ஆனால் இது ஜோலுக்கு நீங்கள் இரவல் கொடுக்கும் காரணம், அவருடைய காரணம் அல்ல. அவர் மார்லீனிடம், உங்கள் மருத்துவர் அவசரப்படுகிறார், முதலில் இரத்தத்தை எடுத்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடுப்பூசி நூற்றுக்கு நூறு பலிக்கும் என்று கடவுளே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அவர் அதே துப்பாக்கியைத்தான் எடுத்திருப்பார். இரண்டாம் பாகத்தில் அவரே அதைச் சொல்லிவிடுகிறார்: அந்த நொடி மறுபடியும் வாய்த்தாலும் இதையேதான் செய்வேன் என்கிறார்.

மரக்கணக்கு என்று வந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். வெண்வேர் நோய் வந்த காட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய காட்டுக்கட்டையிலிருந்து வெள்ளை நூல்போல் வேரோடு வேராகப் பரவும் பூஞ்சை அது. மேலே இலை மஞ்சளாகித் தெரியும்போது கீழே வேலை முடிந்திருக்கும். என் அப்பா சீவிய மூன்றாவது நிரையில், அதாவது மரவரிசையில், அது வந்தபோது (என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்) நோய் வந்த மரங்களோடு நிறுத்தவில்லை. சுற்றிலும் அகழி வெட்டினார்கள். அகழிக்கு உட்புறம் அகப்பட்ட மரங்களில் நல்லவையும் இருந்தன. நேற்றுவரை மங்கு நிறையப் பால் கொடுத்த மரங்கள். அவற்றையும் சாய்த்தார்கள். அப்பா அன்று சோறு சாப்பிடவில்லை. ஆனால் அகழி வெட்டியது தவறு என்று ஒரு நாளும் சொன்னதில்லை, ஏனென்றால் நான்காவது நிரை பிழைத்தது.


எட்டாங்கட்டை எழுதியது:

இரண்டு அண்ணன்மார்களும் மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மரத்துக்கு வாய் இல்லை. எல்லிக்கு இருக்கிறது, அந்த விளையாட்டிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான், மோசமான சிரிப்புத் துணுக்குகளை ஒரு புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டிக்கொண்டே வருகிறவள்.

நான் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் கூடத்தில் ஒருவருக்குக் குடல்வால் எடுப்பதாக இருந்தாலும், என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லி, அவர் கையொப்பம் வைத்த பிறகுதான் சக்கரக் கட்டிலை உள்ளே தள்ளுவோம். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிகளுக்காக என்னை மற்ற வார்டுகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். சில பாட்டிகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணாம்மா" என்று கையை மடக்கிக்கொள்வார்கள். அப்போது மருத்துவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் கட்டில் நகராது.

அந்த மருத்துவமனையில் எல்லி மயக்கத்தில் இருந்தாள். அவளை எழுப்ப முடியாத நிலை இல்லை. எழுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவர்களுக்கு. ஜோலும் அவளை எழுப்பவில்லை. எழுப்பினால் சரி என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. ஆக, மார்லீனும் ஜோலும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். விளையாட்டில் மருந்துப் பெட்டியும் தீக்குண்டும் செய்ய ஒரே கந்தல் துணியும் ஒரே சாராயப் புட்டியும்தான் வேண்டும் என்பது எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

மூன்றாம்நிரை அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவின் அண்ணனிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால், அவரே முன்வந்து போயிருந்தால், பாட்டி அந்தக் கிராணியை இத்தனை ஆண்டுகள் சபித்திருப்பாரா?

எல்லி என்ன சொல்லியிருப்பாள் என்பதற்கு விளையாட்டில் தடயம் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டிக்குள் நுழைந்ததும் ஓர் இடத்தில் ஏணியைக் கீழே தள்ள எல்லியை ஏற்றிவிட வேண்டும். அதுவரை எத்தனையோ முறை அதைச் செய்திருப்போம். ஜோல் முதுகைச் சுவரில் சாய்த்து இரு கைகளையும் கோத்து நீட்டினால், அவள் ஓடிவந்து காலை வைத்து ஏறுவாள். அந்த ஒரு முறை மட்டும் அவள் வரமாட்டாள். திரும்பிப் பார்த்தால், தூரத்தில் தனியே உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டிருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும். ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்த பிறகு, வேண்டாமென்றால் இப்படியே திரும்பிவிடலாம் என்று ஜோல் சொல்லும்போது, இவ்வளவு தூரம் வந்தது வீணாகப் போகக்கூடாது என்று அவள்தான் மறுக்கிறாள். சாகப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தன்னை எதற்கோ கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள்.


ஒட்டுக்கன்று எழுதியது:

அக்கா சொல்வதில் பாதிக்கு மேல் நான் தலையாட்டுகிறேன். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை, தன் தோழி ரைலியும், ஜோலின் கூட்டாளி டெஸ்ஸும், வழியில் சந்தித்த சின்னப் பையன் சாமும் செத்ததை நெஞ்சில் சுமந்துகொண்டு, தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்று குமைந்துகொண்டிருக்கும்போது கொடுக்கும் சம்மதம் சம்மதமா? நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதில்தான் ஒருவர் முழு வயதடைகிறார். அதற்குக் கீழே என்றால் உங்கள் படிவத்தில் பெற்றோரோ காப்பாளரோ அல்லவா கையொப்பம் வைப்பார்கள்? எல்லிக்குக் காப்பாளர் யார்? அவளைப் பெற்ற அன்னா இறக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவர் மார்லீன். அவரோ பிள்ளையைக் கொடுத்துவிட்டார். கடைசியில் அவளுக்காக வேண்டாம் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் மிஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர். பெற்ற தகப்பன் இல்லைதான். ஆனால் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு, பெற்றவர் வேறு வளர்த்தவர் வேறு என்பது புதிய செய்தியா?

அகழி குறித்து ஒரு திருத்தம், அண்ணே. அகழி வெட்டுவது பரவும் வழியை மறிப்பதற்கு. எல்லியால் யாருக்கும் நோய் பரவவில்லை. அவளைச் சாய்த்தால் அது அகழி இல்லை.


பழையலயம் எழுதியது:

பிள்ளைகளே, நான் இந்த விளையாட்டைக் கையில் எடுத்தவன் இல்லை. பேரன் விளையாட, பக்கத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தவன். ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பாஸ்டன் நகரில், சுவருக்குள் மனிதர்களை அடைத்து, ரேஷன் அட்டை கொடுத்து, வாசலில் படைவீரர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் கருவியை வைத்துச் சோதிக்கும் காட்சி வந்தபோது பேரனுக்கு அது கற்பனையாக இருந்தது. 1948-இல் நம் ஊர்த் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி எழும்பிய காலத்தில் நான் சிறுவன். அதிகாலையில் மரம் சீவப் போகும் அம்மாவின் தூக்குவாளியை வாசலில் திறந்து பார்ப்பார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்பதால் ஒரு பிடிச் சோறுகூட வெளியே போகக்கூடாது. அம்மா வெறும் வயிற்றோடு சீவிவிட்டு மதியம் திரும்புவார். ஆகவே, இதைப் பேரழிவுக்குப் பிந்தைய கதை என்று பேரன் சொன்னபோது எனக்குச் சற்றுச் சிரிப்பு வந்தது.

அது போகட்டும். நீங்கள் மூவரும் நீதிமன்றம் நடத்துகிறீர்கள். கதை சொன்ன விதத்தைப் பார்க்கவில்லை. மருத்துவர் கையில் சிறு கத்தியோடு வழிமறிக்கும் இடத்தில் பேரன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு நிமிடம் இருக்கும். எதுவும் நடக்கவில்லை. அவரைக் கொல்லாமல் கதை நகராது என்று புரிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான்; நான் தரையைப் பார்த்தேன். படிப்பவனும் பார்ப்பவனும் கதைமாந்தரின் குற்றத்துக்கு வெளியே நிற்கலாம். இங்கே விரலை அழுத்த வேண்டியவன் விளையாடுகிறவன். மறுபுறம், அதே அறையில் ஒதுங்கி நிற்கும் தாதியர் இருவரை ஒன்றும் செய்யாமல் கடந்துபோக விளையாட்டு இடம் விடுகிறது. கட்டாயம் எது, விருப்பம் எது என்பதை ஒரே அறைக்குள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, யாரும் பேசாத ஒன்று. கடைசி அத்தியாயத்தில், ஜாக்சன் நகரை நோக்கிக் காட்டுவழியில் நடக்கும்போது, கன்ட்ரோலர் ஜோலை நகர்த்தாது, எல்லியை நகர்த்தும். இத்தனை மணி நேரம் ஜோலின் தோளுக்குப் பின்னாலிருந்து உலகத்தைப் பார்த்தவன், இப்போது ஜோலின் முதுகைப் பார்க்கிறான். அந்த முதுகு உண்மையை மறைக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஃபயர்ஃபிளைக்காரர்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய் என்கிறாள். சத்தியம் என்கிறார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு 'சரி' என்கிறாள். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இருந்ததாக எனக்குப் படவில்லை. என் தீர்ப்பைக் கேட்டால், மருத்துவமனையில் நடந்ததை நான் மன்னிப்பேன். அந்தச் சத்தியத்தை மன்னிக்கமாட்டேன். முதலாவது நெருக்கடியில் நடந்தது. இரண்டாவதற்கு அவருக்குச் சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஜாக்சன் வரை யோசிக்க நேரம் இருந்தது.


மூன்றாம்நிரை எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் பதில் எழுத மனம் வரவில்லை. பொய்யைப் பற்றி அவர் சொன்னதோடு நான் முழுவதும் ஒத்துப்போகிறேன்.

எட்டாங்கட்டை தங்கை கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, யாரும் கேட்கவில்லை. சயாமில் வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு ஆளைப் பிடித்துப் போனார்கள். கேட்டுப் போயிருந்தால் பாட்டி சபித்திருப்பாரா என்பது எனக்குக் கடினமான கேள்வி. கிராணியைச் சபித்திருக்கமாட்டார், போனவரைத்தான் திட்டியிருப்பார்.

என்றாலும் ஜோலுக்கு நான் விடுதலை எழுதித் தரமாட்டேன், காரணம் ஆபி. இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19-இல் வெளிவந்தது. கொரோனாவுக்காக மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு அப்போதுதான் தளர்ந்திருந்தது. வீட்டு வாசலைத் தாண்டக் காவலரிடம் காரணம் சொன்ன மாதங்களுக்குப் பிறகு, முகக்கவசத்தோடு கடைக்குப் போய் வட்டை வாங்கி வந்தேன். தொடங்கிச் சில மணி நேரத்தில் ஆபி என்னும் பெண் ஜோலை அடித்தே கொல்கிறாள். வட்டை உடைத்துவிடலாமா என்றிருந்தது. பிறகு பாதி விளையாட்டை அவளாகவே விளையாட வைத்தார்கள். அறுவைக் கூடத்தில் நாம் கொன்ற மருத்துவர் ஜெர்ரி, அவளுடைய அப்பா. நமக்கு அவர் வழியை மறித்த பச்சை அங்கி. அவளுக்கு, சிக்கிக்கொண்ட வரிக்குதிரையைக் கம்பி வெட்டி விடுவித்த அப்பா. வேறு யாரையாவது பாருங்கள் என்றாரே ஜோல், அந்த வேறு யாரோ ஒருவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்பதுதான் நான் முதலிலிருந்து சொல்லிவருவது.


எட்டாங்கட்டை எழுதியது:

ஆபியின் அப்பாவை நல்லவராகக் காட்டும் அதே நினைவுக்காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது, அண்ணே, அதை விட்டுவிட்டீர்கள். அங்கே இருப்பது உன் மகளாக இருந்தால் என்ன செய்வாய் என்று மார்லீன் ஜெர்ரியிடம் கேட்கிறார். அவரிடமிருந்து பதில் வராது. பிறகு, நானாக இருந்தால் நீங்கள் அறுவை செய்ய வேண்டும் என்றுதான் விரும்புவேன் என்று ஆபியே அவரிடம் சொல்கிறாள். கேட்காமலே ஒரு பிள்ளைக்குச் சொல்ல வாய் கிடைத்தது. அடுத்த அறையில் படுத்திருந்த பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை.

வயது குறைந்தவள், மனம் நொந்தவள் என்று ஒட்டுக்கன்று அண்ணன் சொன்னதற்கும் பதில் இங்கேதான். சில ஆண்டுகள் கழித்து, வளர்ந்த பெண்ணாக, வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று ஜோலிடம் அவள் சொல்வது என்ன? நான் அந்த மருத்துவமனையில் செத்திருக்க வேண்டியவள், என் வாழ்க்கைக்கு ஒரு பொருள் இருந்திருக்கும், அதை நீ எடுத்துவிட்டாய் என்கிறாள். மன்னிக்க முடியுமா தெரியவில்லை, ஆனால் முயன்று பார்க்க விரும்புகிறேன் என்றும் சொல்கிறாள். மறுநாள் ஜோல் இல்லை.


ஒட்டுக்கன்று எழுதியது:

சரி, வளர்ந்த எல்லியின் சொல்லுக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கும் முழுத் தகவல் கிடைத்ததா என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? மருத்துவமனை மாடியில் ஓர் ஒலிப்பதிவு கிடக்கும்; அவசரமாக ஓடுகிறவர்கள் எடுக்காமல் போய்விடுவார்கள். அதில் மருத்துவர், இந்தப் பெண்ணின் தொற்று தான் இதுவரை கண்ட எதையும் போன்றதல்ல என்கிறார். எப்படி நோய் பற்றாமல் இருக்கிறாள் என்பதற்குக் காரணம் தெரியவில்லை என்ற தொனியில் பேசிவிட்டு, உடனே இது மனித வரலாற்றைத் திருப்பிப்போடும் கண்டுபிடிப்பாகும் என்று பூரிக்கிறார். காரணம் தெரியாத இடத்தில் நாற்றுமேடைக்காரன் முதலில் குறிப்பேட்டைத் திறப்பான்.

இதற்கு மேல் என்னிடம் புது வாதம் இல்லை. நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், அந்த மின்தூக்கிக் கதவு மூடும் வரை எல்லியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எனக்கு வாதமே தேவைப்படவில்லை. அப்போது என் மகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு மாதம்.


மூன்றாம்நிரை எழுதியது:

அந்த ஒலிப்பதிவை நான் எடுத்ததே இல்லை. ஆகவே நேற்றிரவு பழைய சேமிப்பைத் திறந்து மருத்துவமனை அத்தியாயத்தை மறுபடியும் விளையாடினேன். தம்பி சொன்னது போலத்தான் இருக்கிறது. எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகப் படவில்லை, அதைச் சனிக்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம்.

எழுத வந்தது வேறு. தாதியர் இருவரைக் கடந்துபோகலாம் என்று ஐயா எழுதியிருந்தார். முதல் முறை விளையாடியபோது நான் அந்த அறையில் மூன்று பேரையும் சுட்டிருந்தேன். சுட வேண்டும் என்றுதான் விளையாட்டு கேட்டது என்று இத்தனை ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று மருத்துவரோடு நிறுத்திக்கொண்டு, எல்லியைத் தூக்கும் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

எட்டாங்கட்டை, நீ சனிக்கிழமை வருகிறாயா? இரவு வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்வோம்.